சிங்கப்பூர்ல இருந்து தாய்லாந்துக்கு கார்லயே: எங்க நிக்கணும்ங்கறத முதல்ல முடிவு பண்ணுங்க

லாங் வீக்கெண்ட் வந்தா நம்மாளுங்க தாய்லாந்து தெற்குல இருக்குற ஹாட்யாய் போறோம்னு விடியக்காலையில பாலம் தாண்டி, நாள் பூரா ஓட்டி, ராத்திரி போய் ஹோட்டல்ல விழுவாங்க. முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன், கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர் ஒரே மூச்சுல, பின்சீட்ல பசங்க தூங்கியே வந்தாங்க, வழியில ஒரு ஊரைக்கூட அவங்களுக்கு காட்டலையேன்னு எனக்கு இன்னிக்கும் வருத்தம் இருக்கு. ஏன்னா இந்த ரோடு சும்மா ரோடு இல்ல. வடக்க போகப் போக நம்ம ஆளுங்க கடல் தாண்டி வந்த கதையில பின்னாடி பின்னாடி போறோம், அதை நான் ரெண்டாவது தடவைதான் புரிஞ்சுக்கிட்டேன்.

அதனால கிலோமீட்டரை வச்சு பிளான் பண்ணாதீங்க. நிக்கிற இடத்தை முதல்ல எழுதுங்க, அப்புறம் நடுவுல உள்ள தூரத்தை பாருங்க, ஒரு நாளைக்கு 4 மணி நேரத்துக்கு மேல ஸ்டியரிங் பிடிக்காத மாதிரி பிரிச்சுக்குங்க. நான் போறது மலாக்கா, ஈப்போ, பினாங்கு, ஹாட்யாய், அதுக்கு மேல நக்கோன் சி தம்மராட். திரும்பும்போது ரெண்டு மூணு நாள்ல வந்துடலாம்.

எப்ப போகணும்னு கேட்டா, நவம்பர் டிசம்பர் வேண்டாம்னுதான் சொல்லுவேன், தாய்லாந்து தெற்குல அப்பதான் பேய்மழை, 2025 நவம்பர்ல ஹாட்யாய் ஊரே வெள்ளத்துல மூழ்குச்சு. ஏப்ரல் நடுவுல சொங்க்ரான், அதாவது தாய்லாந்து புத்தாண்டு, அப்ப தாய்லாந்து ரோடெல்லாம் கூட்டம். தைப்பூசம் சமயத்துல கோலாலம்பூர் கிட்ட பத்துமலை முருகன் கோயில் பக்கம் கார் நகராது.

பேப்பர் விஷயம்தான் போரடிக்கும், ஆனா இதுல கோட்டை விட்டா பயணமே போச்சு. மலேசியாவுக்கு விஇபி டேக், அதாவது வெளிநாட்டு வண்டி உள்ள வர்றதுக்கான அனுமதி, கட்டாயம், 2025 ஜூலை 1ல இருந்து அது இல்லாத சிங்கப்பூர் காருக்கு 300 ரிங்கிட் அபராதம், அதனால முன்னாடியே அப்ளை பண்ணி டேக் கைக்கு வந்து ஒட்டின பிறகு தேதி குறிங்க. மலேசியாவுல பழைய டிராஃபிக் சம்மன் ஏதாவது இருந்தா கட்டிடுங்க. டோல் கட்டுற டச் அண்ட் கோ கார்டுலயும் காசு போட்டு வைங்க. கிளம்பும்போது டேங்க் முக்கால்வாசியாவது இருக்கணும், அது சிங்கப்பூர் சட்டம். அந்தப்பக்கம் போனா ரான் 95 பெட்ரோல் நமக்கு கிடையாது, வெளிநாட்டு வண்டிக்கு 97தான். தாய்லாந்துக்கு டிஜிட்டல் அரைவல் கார்டு, 2025 மே மாசத்துல இருந்து எல்லா வெளிநாட்டுக்காரங்களும் போடணும், நுழையறதுக்கு முந்தின 3 நாளுக்குள்ள ஆன்லைன்ல போட்டா போதும். அது இலவசம், காசு கேக்குற சைட்டுன்னா அது அரசாங்க சைட் இல்ல, உடனே வெளிய வந்துடுங்க. சிங்கப்பூர் பாஸ்போர்ட் இல்லாதவங்க மலேசியாவுக்கும் இதே மாதிரி டிஜிட்டல் கார்டு போடணும், விசா வேணுமான்னும் பாத்துக்குங்க.

இன்சூரன்ஸ்தான் நிறைய பேரு கவனிக்காதது. நம்ம கார் பாலிசில பெரும்பாலும் மேற்கு மலேசியாவும், தாய்லாந்துல பார்டர்ல இருந்து 80 கிலோமீட்டர் வரைக்கும்தான் கவர் இருக்கும். ஹாட்யாய் அதுக்குள்ள வந்துடும், நக்கோன் வராது, அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே கம்பெனிக்கு போன் பண்ணி எக்ஸ்டென்ஷன் கேளுங்க. இது போக தாய்லாந்தோட கட்டாய இன்சூரன்ஸ் தனியா வாங்கணும், பார்டருக்கு முன்னாடி சங்லூன்ல கடை கடையா போடுவாங்க, தாய்லாந்து இமிக்ரேஷனுக்கு வேண்டிய டிஎம் 2, டிஎம் 3 ஃபார்மையும் அவங்களே டைப் பண்ணி குடுத்துடுவாங்க. காரோட பதிவு விவரம் இருக்குற லாக் கார்டு எடுத்துட்டு போங்க, கார் உங்க பேர்ல இல்லன்னா ஓனர் கிட்ட லெட்டர் வாங்கிக்குங்க.

இப்ப ரோட்டுக்கு வருவோம். மலாக்காவுல எல்லாரும் போற ஜோங்கர் ஸ்ட்ரீட்டுக்கு பக்கத்துலயே 1781ல கட்டின ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் இருக்கு, அதே தெருவுல பள்ளிவாசல், சீனக்கோயில், மூணும் நடந்தே பாத்துடலாம். கோயில் மலாக்கா செட்டிகளோடது. சுல்தான் காலத்துல வியாபாரத்துக்கு வந்து அங்கேயே கல்யாணம் பண்ணி தங்கிட்டவங்க, வீட்டுல பேசுறது மலாய், கும்புடுறது பிள்ளையாரையும் மாரியம்மனையும். காஜா பெராங்ல அவங்க கிராமம் கம்போங் செட்டி இருக்கு, கண்டிப்பா ஒரு சாயங்காலம் போங்க.

மறுநாள் ஈப்போ போற வழியில பத்துமலை, 272 படி, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஏறிடுங்க. ஈப்போவுல இருந்து பத்து காஜா பக்கம் கெல்லிஸ் காசில்னு பாதி கட்டி நின்னுபோன மாளிகை. ஸ்காட்லாந்துக்காரர் ஒருத்தர் கட்டினது, வேலை செஞ்சது தமிழ்நாட்டுல இருந்து கூட்டிட்டு வந்த நம்ம ஜனங்க. வேலை நடக்கும்போது காய்ச்சல் பரவி பல பேரு செத்தாங்க, அவங்க கேட்டு அவரு ஒரு மாரியம்மன் கோயில் கட்டிக் குடுத்தாரு. காசிலை பாத்துட்டு எல்லாரும் திரும்பிடுறாங்க, கொஞ்ச தூரத்துல இருக்குற அந்தக் கோயிலையும் பாருங்க, கூரைமேல சாமிங்களோட சாமியா தொப்பி போட்ட அந்த துரை பொம்மையும் நிக்கும்.

பினாங்குக்கு ரெண்டு ராத்திரி குடுங்க. சாப்பாடு பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல, நாசி கண்டாரே நம்ம தமிழ் முஸ்லிம்கள் தோள்ல காவடி கட்டி வித்த சோறுதான்.

அடுத்து, எனக்கு இந்த ரூட்டுலயே முக்கியமான இடம், பூஜாங் பள்ளத்தாக்கு. சுங்கைப் பட்டாணியில எக்சிட் எடுத்து மெர்போக் போங்க, நெடுஞ்சாலையில இருந்து அரை மணி நேரம் கூட ஆகும், பரவால்ல. ராஜேந்திர சோழன் 1025 வாக்குல கப்பல் படை அனுப்பி புடிச்ச கடாரம் இந்த கெடா மாநிலம்தான்னு அறிஞர்கள் சொல்றாங்க. காட்டுக்குள்ள ஓடை சத்தம், புக்கிட் பத்து பஹாட் கோயிலோட கல் அடித்தளம், பக்கத்துல மியூசியம். 2013ல இந்த பகுதியில ஒரு பழைய கோயிலோட அடித்தளத்தை கட்டட வேலைக்காக இடிச்சே போட்டாங்க, மிச்சம் இருக்குறதை நம்ம புள்ளைங்க பாக்கணும்.

அங்கிருந்து புக்கிட் காயு ஹீத்தாம் பார்டர். தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னாடி. கஸ்டம்ஸ்ல காருக்கு குடுக்குற தற்காலிக இறக்குமதி பேப்பரை பாஸ்போர்ட் மாதிரி பத்திரமா வைங்க, திரும்பும்போது அதை ஒப்படைக்கணும், தேதி தாண்டினா நாள் கணக்குல அபராதம் ஏறும். அந்தப்பக்கமும் இடது பக்கம்தான் ஓட்டுறது, பயம் வேண்டாம். பார்டர் தாண்டினதும் வர்ற சாடாவ்ல இருந்து ஹாட்யாய் மெயின் ரோட்லயே போங்க, கிழக்கால பத்தானி பக்கம் திரும்பாதீங்க, அங்க பாதுகாப்பு சரியில்லன்னு அரசாங்கங்களே எச்சரிக்கை குடுத்திருக்கு.

ஹாட்யாய்ல ஒரு ராத்திரி தூங்கி எழுந்து வடக்க சுமார் 190 கிலோமீட்டர் போனா நக்கோன் சி தம்மராட். அங்க தேசிய மியூசியத்துல 9ஆம் நூற்றாண்டு தமிழ்க் கல்வெட்டு ஒண்ணு இருக்கு, மேற்கு கரையில தக்குவா பால கிடைச்சது. நங்கூருடையான்னு ஒருத்தர் அங்க குளம் வெட்டினாரு, அவனிநாரணம்னு பேரு வச்சாரு, மணிக்கிராமம்ங்கற வணிகர் குழுவும் சேனாமுகத்தார்ங்கற படைக்காரங்களும் அதை காக்கணும்னு எழுதியிருக்கு. ராஜேந்திரன் காலத்துக்கும் முன்னாடி அங்க வந்து குளம் வெட்டின தமிழன்.

மியூசியம் திங்கள் செவ்வாய் லீவு. அதனால வெள்ளிக்கிழமை விடியக்காலை கிளம்புங்க: வெள்ளி மலாக்கா, சனி ஈப்போ, ஞாயிறும் திங்களும் பினாங்கு, செவ்வாய் பூஜாங் பாத்துட்டு ஹாட்யாய், புதன்கிழமை மத்தியானம் அந்தக் கல்லு முன்னாடி நிக்கலாம்.