ஜாவாவில் டைப் காஸ்டிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய டைப்பில் (மதிப்பின் வகையில்) உள்ள மதிப்பைச் சிறிய டைப்பில் வைக்கப் பார்த்தால், புரோகிராமைச் சோதித்து மொழிமாற்றும் ஜாவா கம்பைலர் எர்ரர் காட்டும். உடனே அடைப்புக்குறிக்குள் இன்ட் (முழு எண்ணுக்கான டைப்) என்று போட்டு அதன் வாயை அடைத்துவிடுகிறோம். இப்படி டைப்பை மாற்றச் சொல்வதுதான் டைப் காஸ்டிங், சுருக்கமாக காஸ்ட். புரோகிராம் ஓடுகிறது, ஆனால் விடை சரியா? காஸ்ட் போட்ட இடத்தில் கம்பைலர் தன் சோதனையை நிறுத்திக்கொள்கிறது. மதிப்பு கெடாமல் பார்ப்பது அப்புறம் நம் பொறுப்பு.

அதிகம் பேர் தவறுவது காஸ்ட்டை எங்கே போடுவது என்பதில்தான். மொத்தம் 5, எண்ணிக்கை 2, இரண்டுமே இன்ட். 5/2 முழுவதையும் அடைப்புக்குள் வைத்து டபுளாக, அதாவது தசம எண் டைப்பாக, மாற்றினால் 2.0 தான் வரும். வகுத்தல் முன்பே முடிந்து, பின்னம் போய்விட்டது. 5-ஐ மட்டும் முதலில் டபுளாக்குங்கள், 2.5 கிடைக்கும். 30 நாளின் மில்லிசெகண்ட் கணக்கிலும் இதே கதை. 1000×60×60×24×30 என்பது 259 கோடியே 20 லட்சம். இன்ட் தாங்குவதோ 214 கோடியே சொச்சம். பெருக்கி முடித்த பிறகு, இன்ட்டைவிடப் பெரிய முழு எண் டைப்பான லாங்காக மாற்றினால் -1702967296 என்று நிற்கும். முதல் 1000-ஐயே லாங்காக எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை.

டபுளை இன்ட்டாக மாற்றும்போது ரவுண்ட் ஆகும் என்று நம்பாதீர்கள். 9.99 வெறும் 9 ஆகிறது. அருகிலுள்ள முழு எண்ணாக்க வேண்டுமென்றால் மேத்.ரவுண்ட் இருக்கிறது.

முழு எண்களைச் சுருக்கும்போது மேல் பிட்டுகள் சத்தமில்லாமல் வெட்டப்படும். 200-ஐ, 127 வரை மட்டுமே கொள்ளும் பைட் டைப்பாக்கினால் -56. எர்ரரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. லாங்கை இன்ட்டாக்க, ஜாவா 8 முதல் உள்ள மேத்.டுஇன்ட்எக்ஸாக்ட் மெத்தடையே நான் பரிந்துரைப்பேன். எண் கொள்ளாவிட்டால் எக்ஸெப்ஷன், அதாவது ஓட்டத்தை இடைமறிக்கும் பிழை அறிவிப்பு, எறியும். அதைப் பிடிக்கவும் வேண்டும். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்திலேயே சிதறியது. அதன் மென்பொருள் அடா மொழியில் எழுதப்பட்டது. 64-பிட் தசம எண் ஒன்று 16-பிட் முழு எண்ணில் கொள்ளாமல் எக்ஸெப்ஷன் எழுந்தது, ஆனால் அதைக் கையாள அந்த இடத்தில் புரோகிராம் வரி எதுவும் இல்லை.

கிளாஸ் எனும் வார்ப்பிலிருந்து உருவாகும் ஆப்ஜெக்ட்டுகளில் நிலைமை வேறு. காஸ்ட் ஆப்ஜெக்ட்டை மாற்றுவதே இல்லை, அதை எந்த டைப்பாகப் பார்ப்பது என்பதை மட்டும் மாற்றுகிறது. 'வடிவம்' தாய் கிளாஸ், 'சதுரம்', 'வட்டம்' இரண்டும் அதன் சேய் கிளாஸ்கள் என்று வையுங்கள். 'வடிவம்' கிளாஸ் வேரியபிளில் சதுரம் இருக்கும்போது அதை 'வட்டம்' என்று காஸ்ட் செய்தால் கம்பைல் ஆகிவிடும், ஓடும்போது கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன் வரும். முதலில், ஆப்ஜெக்ட் அந்த கிளாஸைச் சேர்ந்ததா என்று சொல்லும் இன்ஸ்டன்ஸ்ஆஃப் கொண்டு சோதியுங்கள். ஜாவா 16 முதல் சோதனையையும் புது வேரியபிளையும் ஒரே வரியில் எழுதலாம். ஆனால் இந்தச் சோதனைகள் வரிசையாக நீண்டால் கோளாறு டிசைனில் இருக்கிறது. பரப்பளவு காணும் மெத்தடைத் தாய் கிளாஸில் அறிவித்து, ஒவ்வொரு கிளாஸும் தனக்கேற்ப எழுதிக்கொண்டால் காஸ்ட்டே தேவைப்படாது.