தோலில் ஒட்டும் சென்சாரில் லீக்கேஜ் இருக்கிறதா? ஒரு ரெசிஸ்டர் போதும்

நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி பேட்ச், மணிக்கட்டில் கட்டும் துடிப்பு மானி என்று என் மேசைக்கு வரும் சாதனங்களோடு ஒரு கேள்வியும் கூடவே வரும்: "ஷாக் எதுவும் அடிக்கலையே, அப்புறம் என்ன லீக்கேஜ்?"

லீக்கேஜ் என்றால் சாதனத்திலிருந்து கசிந்து உடம்பு வழியே ஓடும் சிறு கரன்ட். 50 ஹெர்ட்ஸ் ஏசி கரன்ட் ஏறக்குறைய அரை மில்லி ஆம்பியரைத் தொட்டால்தான் பெரும்பாலானோருக்கு ஏதோ உறைக்கும். டிசி என்றால் அதைவிட அதிகம் வேண்டும். ஆனால் தோலைப் புண்ணாக்க அவ்வளவு தேவையே இல்லை. ஈரமான ஜெல்லுக்கு அடியில் சில பத்து மைக்ரோ ஆம்பியர் டிசி நாள் கணக்கில் ஓடினாலே பாதிப்பு வரலாம். எதிர்முனைக்குக் கீழே காரமும் நேர்முனைக்குக் கீழே அமிலமும் சேர்ந்துகொண்டே வரும். அணிந்திருப்பவருக்கு எதுவும் தெரியாது.

அதனால் பேட்டரியில் ஓடும் பேட்ச் என்றால் நான் முதலில் தேடுவது டிசியை. மருத்துவ மின்சாதனங்களுக்கான ஐஇசி 60601-1 தரமும் டிசியில்தான் கறாராக இருக்கிறது. உடலின் மேல் ஒட்டும் பிஎஃப் வகைக்கு, எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது நோயாளி வழியே ஏசி 100 மைக்ரோ ஆம்பியர் வரை போகலாம், டிசி 10தான். ஒரே ஒரு பழுது இருக்கும் நிலையில் ஏசிக்கு 500, டிசிக்கு 50. இதயத்தோடு நேரடித் தொடர்புள்ள சிஎஃப் வகைக்கு ஏசியும் டிசியும் 10, பழுதில் 50.

இதை அளக்க மல்டிமீட்டரின் ஆம்பியர் ரேஞ்சுக்குப் போக வேண்டாம். ஒவ்வொரு மீட்டரின் உள் தடையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து, சாதனத்தின் இரண்டு எலெக்ட்ரோடுகளுக்கு (தோலோடு இணையும் மின்முனைகளுக்கு) நடுவே மாட்டுங்கள். அதன் இரு முனைகளிலும் மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வையுங்கள். 1 கிலோ ஓமில் 1 மில்லிவோல்ட் தெரிந்தால் 1 மைக்ரோ ஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். கணக்குப் போடும் வேலையே இல்லை. அந்தத் தரத்தில் சொல்லியிருக்கும் அளவுச் சுற்றின் மையத்திலும் இதே 1 கிலோ ஓம்தான் இருக்கிறது. உயர் அதிர்வெண்ணை வடிகட்ட அதோடு 10 கிலோ ஓமும் 15 நானோ ஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்த்திருப்பார்கள். டிசிக்கு அது தேவைப்படாது. நியான் பல்பு டெஸ்டரைக் கொண்டுவந்து வைக்காதீர்கள், இந்த அளவுக்கு அது கண்ணே திறக்காது.

அளக்கும்போது சாதனம் யார் உடம்பிலும் இருக்கக் கூடாது. ஜெல் பேடுகளைக் கழற்றிவிட்டு, வெறும் உலோகக் குமிழில் கிளிப் போட்டு, சாதனத்தைப் பதிவு செய்யும் நிலையில் ஓட விடுங்கள். அணைத்து வைத்த சாதனத்தில் பூஜ்யம் வந்தால் அதில் பெருமை இல்லை. எலெக்ட்ரோடு கழன்றுவிட்டதா என்று பார்க்க ஈசிஜி சிப்புகள் அனுப்பும் கரன்ட் பெரும்பாலும் நானோ ஆம்பியரில் இருக்கும், மீட்டரில் தெரியாது. சிலவற்றை மைக்ரோ ஆம்பியருக்கு மாற்றி வைக்கவும் முடியும். அப்படி இருந்தால் ரீடிங் வரும், ஆனால் அது வேண்டுமென்றே கொடுத்தது. தோலின் கடத்துத்திறனை அளக்கும் பட்டைகளும் அப்படித்தான்: அளப்பதற்காகவே சிறிய மின்னழுத்தம் ஒன்றைத் தோலுக்குக் கொடுக்கும். முதலில் சாதனம் என்ன செய்யும்படி வடிவமைக்கப்பட்டது என்று தெரிந்துகொண்டு, அப்புறம் குற்றம் சொல்லுங்கள்.

மணிக்கட்டுச் சாதனங்களின் முதுகில் சார்ஜ் செய்ய இரண்டு பின்கள் இருக்கும். எலெக்ட்ரோடே இல்லாத ஒளி சென்சார் என்றாலும் அந்தப் பின்கள் தோலில்தான் உட்கார்ந்திருக்கின்றன. நேர்முனைப் பின்னில் பச்சை படிந்திருந்தால் உடனே மீட்டரை எடுங்கள். வெறும் மீட்டரை வைத்தால் 3 வோல்ட் காட்டக்கூடும், பயந்துவிட வேண்டாம். மீட்டரின் உள் தடை 10 மெகா ஓம். கரன்ட்டை ஒரே பக்கம் மட்டும் விட வேண்டிய டையோடு வழியே கசியும் துளி கரன்ட்டே அவ்வளவு வோல்ட்டைக் காட்டிவிடும். குறுக்கே 1 கிலோ ஓமைப் போடுங்கள். ரீடிங் பொத்தென்று விழுந்து ஒன்றிரண்டு மில்லிவோல்ட்டில் நின்றால் சரி. விழாமல் வோல்ட் கணக்கில் நின்றால், பேட்டரி நேராக வெளியே எட்டிப் பார்க்கிறது.

உலர்ந்த நிலையில் எல்லாம் தேறிவிடும். வியர்வையில்தான் உண்மை வெளிவரும். 3 வோல்ட் பட்டன் செல்லிலிருந்து 10 மைக்ரோ ஆம்பியர் ஓட 300 கிலோ ஓம் பாதை ஒன்று போதும். பற்றவைக்கும்போது பூசிய சால்டரிங் பிளக்ஸ் பசையின் மிச்சத்தின் மேல் உப்பு ஈரம் பட்டால் அந்தப் பாதை சுலபமாக உருவாகும். லிட்டருக்கு 9 கிராம் உப்புப் போட்ட தண்ணீரில் நனைத்த துணியைச் சாதனத்தின் மேல் சுற்றி, அதன்மேல் 10க்கு 20 சென்டிமீட்டர் உலோகத் தாளை ஒட்டி வையுங்கள். இப்போது ஒவ்வொரு எலெக்ட்ரோடுக்கும் தாளுக்கும் நடுவே அதே ரெசிஸ்டரோடு அளக்கலாம். உடனே முடிவு கட்டாதீர்கள். மூடியின் இடுக்கில் ஈரம் ஏற நேரம் எடுக்கும்; அரை மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். நீர் புகாத சாதனம் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் இதைச் செய்வேன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அலுமினியத் தாள், உப்புத் தண்ணீர், வெள்ளி எலெக்ட்ரோடு மூன்றும் சேர்ந்தால் அதுவே ஒரு பேட்டரி. சாதனத்தில் ஒரு குறையும் இல்லாமலே மீட்டர் துள்ளும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை அளந்தால் விஷயம் புரிந்துவிடும். கழற்ற முடியாதபடி உள்ளே பற்றவைத்திருந்தால், தாளுக்குப் பதிலாக ஈரத் துணியின் மேல் சாதாரண வெள்ளி/வெள்ளி குளோரைடு ஈசிஜி எலெக்ட்ரோடு ஒன்றை ஒட்டி, அதையே மறுமுனையாக வையுங்கள். அந்தத் துள்ளல் பெரும்பாலும் அடங்கும்.

ரீடிங் உண்மைதான் என்று உறுதியானால் இடத்தைத் தேட வேண்டும். போர்டை ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி நன்றாகக் காயவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். குறைந்துவிட்டால் அழுக்குதான் காரணம். குறையவில்லையா, எலெக்ட்ரோடு பாதையில் இருக்கும் கெப்பாசிட்டரையும் பாதுகாப்பு ரெசிஸ்டரையும் சந்தேகப்படுவேன். வளையும் போர்டில் செராமிக் கெப்பாசிட்டர் விரிசல் விட்டு, உள்ளே ஷார்ட் ஆவது சகஜம். மீட்டரைப் பார்த்துக்கொண்டே போர்டை லேசாக வளையுங்கள். எண் ஆடினால் ஆள் கிடைத்துவிட்டார். இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரை மட்டும் இந்தப் போர்டில் வைத்துவிடாதீர்கள், சிப்புகள் செத்துவிடும்.

அணிந்தவரின் தோலும் கொஞ்சம் துப்புக் கொடுக்கும். பசை பட்ட இடமெல்லாம் சிவந்திருந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். ஒரே ஒரு எலெக்ட்ரோடின் அடியில் மட்டும் அழுத்தமான தடம் இருந்தால் முதலில் அளந்து பாருங்கள், மருந்து தடவுவது அப்புறம்.

கடைசியாக ஏசி. பேட்டரியில் ஓடும்போது இது பெரிய கவலையில்லை. சார்ஜரில் மாட்டும்போதுதான் கதை மாறும். சாதாரண அடாப்டருக்குள் மின்வழிப் பக்கத்தையும் வெளிப் பக்கத்தையும் இணைத்து ஒரு சிறிய கெப்பாசிட்டர் இருக்கும். அது 1 நானோ ஃபாரட் என்றால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 72 மைக்ரோ ஆம்பியர் வரை கடந்து வரலாம், 2.2 நானோ ஃபாரட் என்றால் 160 வரை, அதாவது பிஎஃப் எல்லையைத் தாண்டி. இதை அளக்க எர்த் இணைப்பு வேண்டும். வீட்டு பிளக் பாயின்டில் கம்பி செருகி முயல வேண்டாம், சேஃப்டி அனலைசர் இருக்கும் பயோமெடிக்கல் பட்டறையில் கொடுங்கள். அதுவரை, சார்ஜ் ஏறும் சாதனத்தை உடம்பில் ஒட்டி வைக்காதீர்கள்.