முப்பது பேருக்கு பீட்சா பார்ட்டியா? முதலில் அடுப்புக் கணக்கைப் போடுங்கள்

அபார்ட்மெண்ட் பிறந்தநாள், ஆபீஸ் கொண்டாட்டம் என்று சென்னையில் இப்போது எங்கு பார்த்தாலும் ‘அவரவர் பீட்சாவை அவரவரே செய்யலாம்’ பார்ட்டி நடக்கிறது. நல்ல விஷயம்தான். சமையலறைப் பக்கமே வராதவர்கள்கூட மாவைத் தட்டி, தான் செய்ததைத் தானே சாப்பிடும்போது வருகிற சந்தோஷம் தனி. ஆனால் புதிதாக நடத்துகிறவர்கள் நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். உப்பு மறப்பது, ஓரம் கருகுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். இரண்டு முறை செய்தால் அவை தானாகச் சரியாகிவிடும்.

ஆள் கணக்கு போட்டுவிட்டு அடுப்புக் கணக்கை விடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். மாவு எத்தனை கிலோ, சீஸ் எத்தனை கிலோ என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருப்பார்கள். “ஒரு மணி நேரத்தில் உங்கள் ஓவனில் எத்தனை பீட்சா வேகும்?” என்று கேட்டால் பதில் இருக்காது.

நேப்பிள்ஸ் நகரத்து விறகு அடுப்பு 430 முதல் 480 டிகிரி செல்சியஸ் சூட்டில் எரிகிறது. அதில் பீட்சா 60 முதல் 90 விநாடியில் வெந்துவிடும். வீடியோவில் அதைப் பார்த்துவிட்டு நம் வீட்டு ஓடிஜியையும் (மேசைமேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) அப்படியே நினைத்துக்கொள்கிறோம். ஓடிஜியில் பெரும்பாலும் 250 டிகிரிதான் உச்சம். 8 அங்குல பீட்சா ஒன்று வேகப் பத்து நிமிடமாவது வேண்டும். கதவைத் திறக்கும்போதெல்லாம் சூடு இறங்கும், அது மறுபடி ஏற இன்னும் சில நிமிடம். ஆக, மணிக்கு நான்கு அல்லது ஐந்து. முப்பது பேர் என்றால் கடைசி ஆளுக்கு பீட்சா கிடைக்க ஆறு மணி நேரமாவது ஆகும்!

வேளச்சேரியில் ஒரு பிறந்தநாளில் இதை நேரிலேயே பார்த்தேன். இருபத்தெட்டு குழந்தைகள், ஒரே ஒரு ஓடிஜி. எல்லாரையும் ஒரே நேரத்தில் மாவு தட்டவிட்டு, சாஸ், சீஸ், காய் எல்லாம் போடவிட்டார்கள். பத்தாவது பீட்சா உள்ளே போவதற்குள் மற்றவற்றில் சாஸ் மாவுக்குள் ஊறி, அடிப்பாகம் தட்டோடு ஒட்டிக்கொண்டது. எடுக்கப்போனால் கிழிந்தது. தான் ஆசையாக அடுக்கிய பீட்சா கூழாகிப் போனதைப் பார்த்து ஒரு பெண் குழந்தை தேம்பித் தேம்பி அழுதாள். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டு ஓவனைக் கொண்டுவந்து அதே லைனில் செருகினார்கள். 2000 வாட் ஓவன் ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். இரண்டு சேர்ந்தால் 17-ஐத் தாண்டிவிடும். அதே லைனில் கெட்டிலும் ஓட, கொஞ்ச நேரத்தில் 16 ஆம்பியர் எம்சிபி (மின்சுமை கூடினால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) ட்ரிப் ஆனது. கடைசியில் கடையிலிருந்துதான் பீட்சா வரவழைத்தார்கள். அத்தனை உழைப்பும் வீண்.

இதற்கு வழி நம் வீட்டிலேயே இருக்கிறது: தோசைக்கல். பீட்சாவை 6 அங்குலமாகச் சிறிதாக்குங்கள். குழந்தை மாவைத் தட்டியதும், பெரியவர் ஒருவர் அதைக் கல்லில் போட்டு ஒரு பக்கம் மட்டும் இரண்டு நிமிடம் வேகவைத்து எடுக்கட்டும். வெந்த பக்கம் மேலே வரும்படி வைத்து அதன்மேல் சாஸும் சீஸும் போட்டால் ஊறாது, ஒட்டாது. அப்புறம் ஓவனில் ஐந்தாறு நிமிடம் போதும். 40 லிட்டர் ஓடிஜியின் தட்டில் இந்த அளவில் நான்கு வரை அடங்கும். கதவு திறந்து மூடும் நேரத்தையும் சேர்த்து எட்டு நிமிடத்துக்கு ஒரு தட்டு என்று வைத்தால், ஒரு மணி நேரத்தில் முப்பது பேரும் சாப்பிட்டுவிடலாம். எல்லாரையும் மொத்தமாகக் கூப்பிடாமல் நான்கு நான்கு பேராகக் கூப்பிடுங்கள். மற்றவர்கள் அதுவரை விளையாடட்டும்.

இரண்டாவது ஓவன் வைப்பதாக இருந்தால் வேறொரு லைனில் வையுங்கள். எந்த பிளக் எந்த எம்சிபியில் வருகிறது என்பதை முந்தின நாளே போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

வெயிலை மறந்து ஈஸ்ட் போடுவது

குளிர்நாட்டுச் செய்முறைகள் 20 டிகிரி சமையலறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊர் 32 டிகிரியில் மாவு மடமடவென்று பொங்கிவிடும். ஆறு மணிக்கு அழைத்த விருந்தினர் ஏழரைக்கு வந்து சேரும்போது அது புளித்து அமுங்கிப் போயிருக்கும். 2 கிலோ மைதா, 1.2 லிட்டர் குளிர்ந்த தண்ணீர், 40 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். முந்தின இரவே பிசைந்து 80 கிராம் உருண்டைகளாக்கி, மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். நாற்பது உருண்டை வரும். முப்பது பேருக்குப் போக மிச்சம் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், சில நிச்சயம் தரையில் விழும். எல்லாவற்றையும் ஒன்றாக வெளியே எடுக்காமல் பத்துப் பத்தாக எடுங்கள்.

தண்ணீர் விடும் டாப்பிங்

மஷ்ரூமை வதக்கி, தக்காளியின் விதைப்பகுதியை எடுத்துவிட்டு வையுங்கள். தண்ணீரில் மிதக்கும் ஃப்ரெஷ் மொசரெல்லா கூட்டத்துக்குச் சரிப்படாது. கட்டியாக வரும் மொசரெல்லாவைத் துருவிக்கொள்ளுங்கள். ஆளுக்கு 40 கிராம் என்று சின்னக் கிண்ணங்களில் பிரித்துக் கொடுங்கள். பெரிய பாத்திரத்தில் வைத்தால் முதல் பத்துப் பேரே அள்ளிப் போட்டுவிடுவார்கள்.

சைவமும் அசைவமும் ஒரே மேசையில்

வேண்டாம். மேசை, கத்தி, கரண்டி எல்லாம் தனி. ஓவனில் முதலில் சைவம்.

பெயர் எழுதாமல் உள்ளே வைப்பது

சீஸ் உருகிய பிறகு எல்லா பீட்சாவும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒவ்வொன்றையும் சூடு தாங்கும் பேக்கிங் பேப்பரில் வைத்து, ஓரத்தில் பென்சிலால் பெயர் எழுதிவிடுங்கள். மெழுகுத்தாள் கூடவே கூடாது, புகையும்.

பச்சை மாவைத் தின்ன விடுவது

கூடாது. வேகாத மைதாவில் கிருமி இருக்கலாம்.

மிஞ்சிய உருண்டைகளை எறிவது

ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுக்காதவை இன்னும் ஒரு நாள் தாங்கும். மறுநாள் காலை மெல்லிசாகத் தட்டித் தோசைக்கல்லில் போட்டு, வெண்ணெயும் நசுக்கிய பூண்டும் தடவிக் கொடுங்கள்.