லண்டனுக்குப் பிள்ளைகளிடம் போகும் அம்மா அப்பாமாருக்கு: பஸ்ஸும் ரெயினும் தனியாக எடுக்கப் பழகுவது எப்படி

ஆறு மாத விசாவில் லண்டன் போகும் எங்கட ஊர் அம்மா அப்பாமார் கனபேர் வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டுத் திரும்பி வருகிறார்கள். மகளும் மருமகனும் விடிய வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை மருமகன் கார் எடுத்தால் கோயில், கடை. மற்ற நாள் முழுக்க யன்னல்தான். குளிர் என்பார்கள், பாஷை விளங்காது என்பார்கள். இரண்டையும் சமாளிக்கலாம். பஸ் ஏறத் தெரியாததுதான் ஆளை அடைத்து வைக்கிறது. கோப்பாயிலிருந்து தனியாகப் பஸ் ஏறி, பெரியாஸ்பத்திரியில் கிளினிக் முடித்து, சந்தையில் மீனும் வாங்கிக்கொண்டு வருகிற மனிசிக்கு லண்டன் பஸ் பெரிய காரியமே இல்லை. ஈஸ்ற்ஹாமில் மகள் வீட்டில் நின்றபோது நான் பழகிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பழக்கத்தை யாழ்ப்பாணத்திலேயே தொடங்குங்கோ. போனில் கூகுள் மப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பருத்தித்துறை போகும் 750 பஸ்ஸில் ஒருநாள் ஏறுங்கோ. நீங்கள் நிற்கிற இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி இருபாலை, கோப்பாய், நீர்வேலி என்று ஊர்ந்து போகும். எந்த ஊர் எப்ப வரும் என்று உங்களுக்கு மனப்பாடம்; அதனால் போன் சொல்வது சரியா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தெரிந்த ரோட்டில் அந்தப் புள்ளியை நம்பப் பழகியவர் தெரியாத ரோட்டிலும் நம்புவார். அதேமாதிரி ஒருநாள் காங்கேசன்துறை வரைக்கும் ரெயினில் போய் வாருங்கோ. 1990 இல் நின்ற யாழ்தேவி 2014 ஒக்ரோபரில்தான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. இடைப்பட்ட காலத்தில் ரெயினை மறந்தவர்களும், கண்ணால் காணாமலே வளர்ந்தவர்களும் எங்களுக்குள் நிறையப்பேர். பிளாற்போமில் நின்று, வருகிற ரெயின் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து ஏறுகிற பழக்கம் லண்டனில் மிகவும் உதவும்.

இனிக் காசு விஷயம். லண்டன் பஸ்ஸில் கண்டக்டர் இல்லை, காசும் வாங்கமாட்டார்கள். 2014 யூலையோடு காசு எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஐம்பது பவுண் தாளைக் குவியலாக நீட்டினாலும் ஏற முடியாது. தொட்டுப் பணம் கட்டும் வங்கிக் காட் வேண்டும், இல்லாவிட்டால் ஒயிஸ்ரர் காட், அதாவது முதலே காசு ஏற்றி வைத்துக்கொண்டு பஸ்ஸிலும் ரெயினிலும் தொடுகிற பயணக் காட். எங்கட ஊர் வங்கிக் காட்டும் வேலை செய்யும், ஆனால் வெளிநாட்டுக் கட்டணம் என்று வங்கி தனியாக வெட்டலாம். அதனால் ஒயிஸ்ரர்தான் எங்களுக்குத் தோது. மகளிடம் சும்மா கிடக்கிற ஒன்று இருந்தாலும் போதும், அதில் கட்டணச் சலுகை எதுவும் ஏற்றியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். மூலைக்கடைகள் பலவற்றில் காசு ஏற்றலாம். எங்கட ஆட்கள் நடத்தும் கடைகளும் அதில் உண்டு, தமிழிலேயே கேட்கலாம்.

காட் விஷயத்தில் இரண்டு கண்டிப்பு. அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. ஒரே காட்டில் இரண்டுபேர் போவதில்லை. மற்றது, காட்டைப் பேர்சிலிருந்து வெளியே எடுத்துத் தொடுங்கோ. பேர்சோடு வைத்தால் உள்ளே கிடக்கிற மற்றக் காட்டில் காசு போய்விடலாம்.

அறுபது வயதுக்கு மேல் இலவசம் என்று இங்கே ஒரு கதை இருக்கிறது. அது லண்டனில் குடியிருக்கிறவர்களுக்கு. விசாவில் போகிறவருக்கு இல்லை, அதை நம்பிப் போகாதேங்கோ.

முதல் பழக வேண்டியது பஸ். ரெயினுக்கு அவசரப்படாதேங்கோ. பஸ்ஸில் வெளியே பார்த்துக்கொண்டு போகலாம், பிழையான இடத்தில் இறங்கினாலும் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கப் பஸ்ஸில் திரும்பலாம். கட்டணமும் ஒன்றுதான்: நான் நின்ற காலத்தில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரு பவுண் 75 பென்ஸ். காட் தொட்டதிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் அதே காட்டோடு எத்தனை பஸ் மாறி ஏறினாலும் மேலதிகக் காசு இல்லை. ஆகவே ஒரு பஸ்ஸை விட்டு இறங்க நேர்ந்தால் காசு போச்சே என்று பதற வேண்டாம்.

ஒரே ஒரு பஸ் இலக்கத்தைப் பிடியுங்கோ. நான் பிடித்தது 147. ஈஸ்ற்ஹாமிலிருந்து இல்ஃபோர்ட்டுக்குப் போகும், அங்கே மரக்கறிக் கடையும் இருக்கிறது, சும்மா சுற்றிப் பார்க்கவும் இடம் இருக்கிறது. முதல்முறை மகளோடு போங்கோ. ஆனால் காட்டை நீங்களே தொடுங்கோ, மணியை நீங்களே அடியுங்கோ, எங்கே இறங்குவது என்பதை நீங்களே சொல்லுங்கோ. மகள் பின்னால் வரட்டும். கூட்டிக்கொண்டு போகப்படுகிறவருக்குப் பாதை மனதில் நிற்காது.

தரிப்பிடத்தில் நிற்கும்போது கம்பத்தை அண்ணாந்து பாருங்கோ. உச்சியில் ஏ, பி, சி என்று ஒரு எழுத்து இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் நாலைந்து தரிப்பிடம் இருக்கிற சந்தியில் எந்தக் கம்பத்தடியில் நிற்க வேண்டும் என்று போன் அந்த எழுத்தைத்தான் சொல்லும். அதற்குக் கீழே பஸ் இலக்கங்கள், எந்தத் திசைக்குப் போகிறது என்ற ஊர்ப் பெயர். அங்கேயும் எங்கட நாடு மாதிரி வாகனம் இடது பக்கத்தால்தான் ஓடும். அதனால் எந்தக் கரையில் நிற்பது என்று உங்கள் கால் தானாகவே சரியாகப் போய் நிற்கும். பஸ் வரக் கையை நீட்டுங்கோ. முன்கதவால் ஏறி, சாரதிக்குப் பக்கத்தில் இருக்கிற மெசினில் காட்டைத் தொட, பீப் என்று சத்தம் கேட்கும். இறங்கும்போது தொடத் தேவையில்லை. சாரதிக்கு ஒரு குட் மோர்னிங் சொல்லுங்கோ, அது அங்கே நல்ல பழக்கம்.

ஏறின கையோடு கம்பியைப் பிடியுங்கோ. நீங்கள் இருக்கும்வரை பஸ் காத்து நிற்கும் என்று எண்ண வேண்டாம். மேல்தட்டில் காட்சி வடிவுதான், ஆனால் முழங்கால் நோ உள்ளவர் கீழேயே இருங்கோ. முன்பக்கத்து ஆசனங்கள் வயது போனவர்களுக்கென்றே விட்டவை, கூச்சப்படாமல் இருக்கலாம்.

அடுத்த தரிப்பிடம் எது என்று பஸ்ஸே சொல்லும், முன்னால் திரையிலும் எழுத்து ஓடும். ஆங்கிலம் கேட்டுப் பிடிக்கக் கஷ்டம் என்றால் எழுத்தைப் பாருங்கோ. நான் ஒரு சின்னக் கொப்பியில் எனது தரிப்பிடத்தின் பெயரையும் அதற்கு முந்தின இரண்டின் பெயரையும் எழுதி வைத்திருந்தேன். முந்தினது திரையில் வந்ததும் சிவப்புப் பொத்தானை அமத்துவேன். இங்கே மாதிரி "அண்ணை, ஒழுங்கையடியில இறக்கம்" என்று சொல்லி நினைத்த இடத்தில் இறங்க முடியாது. தரிப்பிடத்தில் மட்டும், நடுக்கதவால்.

திரும்பி வரும்போதுதான் கனபேர் தடுமாறுகிறார்கள். இல்ஃபோர்ட்டிலிருந்து வரும் 147 இன் நெற்றியில் ஈஸ்ற்ஹாம் என்று தேடினால் காணமாட்டீர்கள். அது ஈஸ்ற்ஹாமைத் தாண்டி கனிங் ரவுண் பக்கம் போகிற பஸ். புத்தூரில் இறங்குகிறவர் பருத்தித்துறை என்று போட்ட பஸ்ஸில் ஏறுகிற மாதிரித்தான் இதுவும். பஸ் முடிகிற இடத்தின் பெயரை மகளிடம் கேட்டுக் கொப்பியில் ஏற்றுங்கோ.

பஸ் கைக்கு வந்தபிறகு ரெயின். இதில் சட்டம் வேறு: உள்ளே போகும்போதும் தொட வேண்டும், வெளியே வரும்போதும் தொட வேண்டும். கேற் இல்லாத ஸ்ரேசனிலும் மெசினைத் தேடித் தொடுங்கோ, இல்லாவிட்டால் ஆகக்கூடிய கட்டணத்தை வெட்டிவிடும். கிழமை நாளில் காலை ஒன்பதரைக்குப் பிறகு வெளிக்கிட்டுப் பின்னேரம் நாலு மணிக்கு முன் திரும்பினால் நெரிசலும் குறைவு, பெரும்பாலான பயணத்துக்குக் கட்டணமும் குறைவு. ஓடும் படிக்கட்டில் வலது கரையில் நில்லுங்கோ, இடது கரை அவசரக்காரருக்கு. படிக்கட்டுப் பயம் என்றால் மப்பில் சக்கர நாற்காலி அடையாளம் போட்ட ஸ்ரேசன்களைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கோ.

ஈஸ்ற்ஹாம் ஸ்ரேசனில் ஒரே பிளாற்போமுக்கு இரண்டு லைன் ரெயின் வரும்: பச்சை நிற டிஸ்ற்றிக்ற், இளஞ்சிவப்பு ஹமர்ஸ்மித் அன்ட் சிற்றி. ஓல்ட்கேற் ஈஸ்ற் வரைக்கும் எதில் ஏறினாலும் ஒன்றுதான். அதற்கு அப்பால் பச்சை ரவர் ஹில், வெஸ்ற்மின்ஸ்ரர் பக்கம் போகும். மற்றது லிவர்பூல் ஸ்ட்ரீற், கிங்ஸ் குறொஸ் பக்கம் திரும்பும். பச்சையும் பிறகு விம்பிள்டன், றிச்மன்ட், ஈலிங் புறோட்வே என்று பிரியும். ஆகவே ரெயின் வந்துவிட்டதே என்று ஓடி ஏறாமல், தொங்குகிற பலகையில் கடைசி ஊரின் பெயரை வாசித்துவிட்டு ஏறுங்கோ. விட்ட ரெயினுக்குப் பின்னால் இன்னொன்று வரும்.

உங்கள் முதல் நீண்ட பயணம் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயிலாக இருக்கட்டும் என்பது என் விருப்பம். ஈஸ்ற்ஹாமில் ஏறி வைற்சப்பலில் இறங்கி, ஊதா நிற எலிசபெத் லைனுக்கு மாறி வெஸ்ற் ஈலிங்கில் இறங்கலாம். 2022 இல் திறந்த இந்த லைனில் எல்லா ரெயினும் வெஸ்ற் ஈலிங்கில் நிற்காது. பலகையில் தரிப்பிடங்களைப் பார்த்து ஏறுங்கோ. மாற விருப்பமில்லாதவர் ஈலிங் புறோட்வே போகும் பச்சை ரெயினில் ஏறி ஆறுதலாக இருக்கலாம், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும், பிறகு அங்கிருந்து வெஸ்ற் ஈலிங் ஒரு ஸ்ரேசன்தான். ஓகஸ்ட்டில் தேர் நடக்கும்போது வழி கேட்கவே தேவையில்லை. வேட்டியும் சேலையுமாக இறங்குகிற சனத்தோடு நடந்தால் சரி.

பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கோ. பதினொரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பஸ்ஸில் காசில்லை; ரெயினிலும் காட் தொட்டுப் போகும் பெரியவர் ஒருவரோடு நாலு பிள்ளைகள் வரைக்கும் சும்மா போகலாம். அறிவித்தலை அவர்கள் கேட்டுச் சொல்வார்கள், நீங்கள் தமிழில் மறுமொழி சொல்லுங்கோ.

வீட்டு விலாசம், போஸ்ற் கோட், மகளின் போன் இலக்கம் மூன்றையும் கடதாசியில் எழுதிக் கோட் பொக்கற்றில் வையுங்கோ. குளிரில் போன் பற்றரி கெதியாக இறங்கும். இடம் பிடிபடாவிட்டால் ரெயினில் அடுத்த ஸ்ரேசனில் இறங்கி, சீருடை போட்டவரிடம் அந்தக் கடதாசியைக் காட்டுங்கோ. எந்தப் பிளாற்போம் என்று கையைக் காட்டிச் சொல்வார்கள்.