வீட்டுக்கூட்டத்தில் வேதபாடம்: முதல்முறை நடத்துவோருக்கு

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்து வீட்டுக்கூட்டங்களில் வேதபாடம் பல நேரம் இன்னொரு பிரசங்கமாக முடிந்துவிடுகிறது. கூடியிருப்பவர்கள் வாய்திறக்க நல்ல கேள்வி வேண்டும், கேட்டபின் காத்திருக்கவும் வேண்டும். மாற்கு 2:1-12-ஐ வைத்தே பார்ப்போம்: நடக்க முடியாத ஒருவனை நாலு பேர் சுமந்து வந்து, கூட்டத்தால் நெருங்க முடியாமல் கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கிய சம்பவம்.

1. பகுதி

10 முதல் 15 வசனம், ஒரே சம்பவம். முழு அதிகாரத்தை எடுத்தால் எதிலும் நிற்க முடியாது. மூன்று நாள் முன்பே வாசிக்கத் தொடங்குங்கள்.

2. கேள்விகள்

ஆறு போதும். பாடம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். "எத்தனை பேர் சுமந்து வந்தார்கள்?" என்றால் "நாலு பேர்" என்பதோடு பேச்சு முடியும். கூச்சப்படுபவர் வாய்திறக்க அப்படி ஒன்று இருக்கட்டும். அடுத்தவை வசனத்துக்குள் மறுபடி பார்க்க வைக்க வேண்டும்:

- 5-ஆம் வசனத்தில் "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றிருக்கிறதே, யாருடைய விசுவாசம்? படுத்திருந்தவனும் அதில் சேர்த்தியா?
- நடக்க முடியாதவனிடம் பாவமன்னிப்பை முதலில் சொன்னது ஏன்?

கடைசிக் கேள்வி வாழ்க்கைக்கு வரட்டும்: நம் தெருவில் இந்த வாரம் நாம் நாலு பேராய்ச் சேர்ந்து சுமக்க வேண்டியவர் யார்?

கூரையைப் பற்றியும் தயாராக இருங்கள். நம் ஊர் ஓட்டு வீட்டை நினைத்து, சரிவில் எப்படி ஏறினார்கள் என்று கேட்பார்கள். அந்நாட்டு வீடுகளுக்குத் தட்டையான கூரை. உத்தரத்தின்மேல் கிளைகளைப் பரப்பி மண் பூசியிருப்பார்கள். ஏறப் பெரும்பாலும் வெளியே படி இருக்கும்.

3. இடமும் நேரமும்

8 முதல் 12 பேர், பாயில் வட்டமாக. நடத்துபவரும் பாயிலேயே உட்காரட்டும்; நாற்காலி போட்டால் பிரசங்கம் வந்துவிடும். மாலை 7 மணிக்குத் தொடங்கி 8-க்கு முடியுங்கள். ரப்பர் வெட்டுபவர்கள் விடியுமுன் எழ வேண்டும். வாசிப்புக்கு 10 நிமிடம், என்ன சொல்லியிருக்கிறது என்பதற்கு 15, பொருளுக்கு 20, வாழ்க்கைக்கு 10, ஜெபத்துக்கு 5.

4. வாசிப்பு

வரிசையாக ஆளுக்கொரு வசனம் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். எழுத்துக்கூட்டி வாசிப்பவர் அவமானப்பட்டால் அடுத்த வாரம் வரமாட்டார். விரும்பும் இருவர் வாசித்தால் போதும். பாறசாலையிலிருந்து மருமகளாய் வந்தவரிடம் மலையாள வேதாகமம் இருந்தால் அதையும் வாசிக்கச் சொல்லுங்கள். நம் "திமிர்வாதக்காரன்" அதில் "பக்ஷவாதக்காரன்". பக்கவாதம் என்று எல்லாருக்கும் உடனே பிடிபடும், விளக்கம் தேவையில்லை.

5. காத்திருப்பு

கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நீங்களே பதில் சொல்லிவிட்டால், அடுத்த கேள்விக்கும் நீங்களே சொல்வீர்கள் என்று குழு இருந்துவிடும்.

6. ஒருவரே பேசினால்

இது வராத குழு இல்லை. "சார் சொன்னது நல்லது. அக்கா, உங்களுக்கு அந்த வசனத்தில் என்ன தெரியுது?" என்று பெயரோ உறவோ சொல்லித் திருப்புங்கள். அதிகம் பேசுபவரை உங்கள் பக்கத்திலேயே உட்கார வையுங்கள். எதிரே இருந்தால் கண் பார்த்ததும் பேசத் தொடங்குவார். தவறான பதில் வந்தால் "எந்த வசனத்தில் அப்படி வருது?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அவரே திருத்திக்கொள்வார்.

7. ஜெபம்

ஜெபக்குறிப்பு கேட்கும்போது அடுத்த வீட்டுக் கதை நுழையும். "உங்களுக்கு என்ன ஜெபிக்கணும்?" என்று கேளுங்கள். சொன்னதைக் குறித்துவைத்து, அடுத்த வாரம் தொடங்கும்போது அவரிடமே விசாரியுங்கள்.