வெள்ளைச் சுறாவைப் பார்க்கப் போகிறவர்கள் பயப்பட மறந்துவிடும் விஷயங்கள்

2008 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்பாய் அருகே, சுறா பார்க்கப் போன படகு ஒன்று பேரலையில் கவிழ்ந்தது. மூன்று சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது கடல்தான், சுறா அல்ல.

படகிலிருந்து கடலில் இறக்கும் கம்பிக் கூண்டுக்குள் இறங்கி வெள்ளைச் சுறாவைப் பார்க்க ஆசைப்படுகிற எல்லோரும் பல்லைப் பற்றித்தான் கேட்கிறார்கள். படகைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. உரிமம் உண்டா, உயிர்காப்புச் சட்டை எல்லோருக்கும் இருக்கிறதா, எத்தனை பேரை ஏற்றுகிறார்கள் என்று பணம் கட்டும் முன்பே விசாரித்துவிடுங்கள். காற்று சரியில்லை, இன்று போக முடியாது என்று படகோட்டி சொன்னால் அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அப்படிச் சொல்லத் தெரிந்தவரின் படகில்தான் ஏற வேண்டும். விமான டிக்கெட்டை நெருக்கிப் போட்டுவிட்டு, ஒரே ஒரு நாளைக் கடலுக்கு ஒதுக்குகிறவர்கள்தான் இந்த இடத்தில் அதிகம் சிக்குகிறார்கள். இரண்டு மூன்று நாள் கையில் இருக்கட்டும்.

அடுத்தது, பழைய வீடியோவை நம்பி ஊர் தேர்ந்தெடுப்பது. தெளிந்த நீல நீரில் சுறா மிதந்து வரும் அழகான காட்சிகளில் பல, மெக்சிகோவின் குவாதலூப்பே தீவில் எடுக்கப்பட்டவை. அங்கே சுறா சுற்றுலாவை 2023 ஜனவரியில் அரசு நிறுத்திவிட்டது. வெள்ளைச் சுறாவின் தலைநகரம் என்று பெயரெடுத்த கான்ஸ்பாயிலும் நிலைமை மாறிவிட்டது. 2017 முதல் இரண்டு ஆண் ஓர்காக்கள் (கொலைத் திமிங்கலங்கள்) அந்தப் பகுதிக்கு வந்து சுறாக்களைக் கொன்று, கொழுத்த ஈரலை மட்டும் தின்றுவிட்டுப் போகின்றன. ஒன்றின் முதுகுத் துடுப்பு இடப்பக்கமும் மற்றதன் துடுப்பு வலப்பக்கமும் சரிந்திருப்பதால் அவற்றுக்குப் போர்ட், ஸ்டார்போர்டு என்று பெயர்; கப்பலின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் மாலுமிகள் அப்படித்தான் சொல்வார்கள். இவை தலைகாட்டினால் வெள்ளைச் சுறாக்கள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இடத்தைக் காலி செய்துவிடுகின்றன. கடலின் பெரிய வேட்டைக்காரன் என்று நாம் நடுங்குகிற மீனும் ஒன்றுக்குப் பயந்து ஓடுகிறது! இப்போது அங்கே பல நாட்களில் கூண்டைச் சுற்றுவது வேறு இனமான வெண்கலச் சுறாக்கள்தான். அவையும் பார்க்கத் தகுந்தவையே. ஆனால் எது வரும் என்று தெரிந்து போவது வேறு, ஏமாந்து திரும்புவது வேறு. 'சுறா நிச்சயம்' என்ற விளம்பரத்தைப் பார்த்தால், எந்தச் சுறா, கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் வந்தது என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் இந்தக் கூண்டுப் பயணத்துக்கு அனுமதி உள்ள ஒரே இடம் போர்ட் லிங்கனுக்குத் தெற்கே உள்ள நெப்டியூன் தீவுகள். வெள்ளைச் சுறா மட்டும்தான் வேண்டும் என்பவர்கள் அந்தப் பக்கம் பார்க்கலாம்.

குமட்டலை அலட்சியப்படுத்துவது சின்னத் தவறாகத் தெரியும். பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். நங்கூரம் போட்டு நிற்கும் படகு, ஓடும் படகைவிட மோசமாக ஆடும். சுறாவை வரவழைக்க ஊற்றும் மீன் கூழின் நாற்றமும் சேர்ந்துகொள்ளும். வயிறு புரட்டத் தொடங்கிய பிறகு மாத்திரை போட்டுப் பயனில்லை. கிளம்புவதற்கு முன்பே, மருத்துவரிடம் கேட்டு, போட்டுக்கொள்ள வேண்டும். கண்ணாடி அணிபவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: மூக்குக் கண்ணாடிக்கு மேல், நீருக்கடியில் பார்க்க அணியும் மாஸ்க் போட்டால் நீர் உள்ளே புகும். பவர் வைத்த மாஸ்க் கிடைக்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

கூண்டுக்குள் நடக்கும் தவறுகளில் முதலிடம் கைக்குத்தான். பிடித்துக்கொள்ள உள்பக்கமாகத் தனிக் கம்பி இருக்கும். பதற்றத்தில் பலரும் பிடிப்பது வெளிக் கம்பியை. பாதமும் அலையின் ஆட்டத்தில் இடைவெளி வழியே வெளியே நழுவும். செல்ஃபி குச்சியை வெளியே நீட்டுகிறவர்களுக்கு நான் பரிந்து பேச மாட்டேன். சுறாவுக்குக் கை கிடையாது, எதையும் கடித்துத்தான் சோதித்துப் பார்க்கும்.

கம்பியில் சுறா மோதினால் அது உங்களைக் குறிவைத்தது என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் கயிற்றில் கட்டிய இரையைத் துரத்தி வந்த வேகம்தான் காரணம். சுறாவால் பின்னோக்கி நீந்த முடியாது. தலை எங்காவது நுழைந்துவிட்டால் முன்னே திமிறுவதைத் தவிர அதற்கு வழி இல்லை. 2016இல் குவாதலூப்பேயில் ஒரு சுறா கூண்டின் பக்கத்தை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்து, மேல் வழியாக வெளியேறியது. உள்ளே இருந்தவர் காயமின்றித் தப்பினார். 2019இல் அதே தீவில் கம்பிகளுக்கிடையே தலை சிக்கிய ஒரு சுறா செத்தே போனது. எனவே நல்ல படம் கிடைக்கட்டும் என்று இரையைக் கூண்டை நோக்கி இழுக்கும் படகு ஆபத்தானது. 'இன்னும் கிட்டே இழுங்க' என்று கத்தும் பயணிக்கும் அதில் பங்கு உண்டு.

எல்லோரும் பார்ப்பது மேலே மிதக்கும் இரையை. வெள்ளைச் சுறா பதுங்கி, கீழிருந்து பாயும் பிராணி. அதன் கருத்த முதுகு கலங்கிய நீரில் கரைந்துவிடும். கீழேயும் பின்னாலும் திரும்பித் திரும்பிப் பாருங்கள். நான்கு மீட்டருக்கு மேல் நீளமான உடல் ஒன்று அவசரமே இல்லாமல் பக்கவாட்டில் கடந்து போகும்போது கிடைக்கும் சிலிர்ப்பு, வாய் பிளந்த படத்தில் இல்லை.

படகோரம் நீர்மட்டத்தில் நிற்கும் கூண்டுக்கு டைவிங் பயிற்சி தேவையில்லை. நெப்டியூன் தீவுகளில் கடலடி வரை இறக்கும் கூண்டு வேறு வகை. அங்கே சிலிண்டர் காற்றைச் சுவாசிப்பதால் மூச்சை அடக்கவே கூடாது. மேலே வரும்போது உள்ளே விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். ஆஸ்துமா, இதய நோய், அண்மையில் செய்த அறுவை சிகிச்சை எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல நாள் இப்படி இறங்கியவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

கூண்டே இல்லாமல் சுறாவோடு நீந்தும் வீடியோக்கள் தனிக் கதை. 2019 ஜனவரியில் ஹவாயின் ஓஆஹு தீவருகே, செத்த திமிங்கலத்தைத் தின்ன வந்த பிரம்மாண்டமான பெண் சுறாவோடு சிலர் நீந்திய படங்கள் உலகம் சுற்றின. வயிறு நிறைந்த சுறா, அதன் உடல்மொழியை ஆண்டுக்கணக்கில் கவனித்த மனிதர்கள் என்ற இரண்டும் அந்தப் படத்தில் தெரியாது. அதைப் பார்த்துவிட்டு நீரில் குதிக்கிறவருக்கு இரண்டில் ஒன்றும் வாய்த்திருக்காது.