மாநில எல்லையை மாற்றிக் கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜார்ஜ் புஷ் ஃபுளோரிடாவை வென்றது வெறும் 537 வாக்குகளில். அந்த மாநிலத்தின் மேற்கே, அலபாமாவுக்குக் கீழே கடலோரமாக ஒரு துண்டு நிலம் நீண்டு கிடக்கிறது. அதிலுள்ள எஸ்காம்பியா கவுன்டியில் மட்டுமே புஷ் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் முந்தியிருந்தார். அந்தத் துண்டை அலபாமா நெடுநாள் கேட்டு வந்தது. 1869-இல் அங்கிருந்தவர்களே அலபாமாவோடு சேர ஆதரவாக வாக்களித்தார்கள். அப்படிச் சேர்ந்திருந்தால் ஃபுளோரிடா அல் கோருக்குப் போயிருக்கும், அவரே அதிபர் என்பது பலரும் சொல்லும் கணக்கு. இத்தகைய கணக்குகள் எனக்கு மிகவும் பிடித்தவை. அமெரிக்கத் தேர்தல் முறையை இவ்வளவு தெளிவாகப் புரிய வைக்கும் பயிற்சி வேறில்லை. அதனாலேயே, அவை தவறாகப் போடப்படும்போது வருத்தமாக இருக்கிறது.

அமெரிக்க அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பவர்கள் தேர்வாளர்கள்; பெரும்பாலான மாநிலங்களில் அங்கே வென்றவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் கிடைப்பார்கள். நிலத்தை மட்டும் நகர்த்திவிட்டு இந்தத் தேர்வாளர்களை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவதுதான் அடிக்கடி காணும் தவறு. ஒரு மாநிலத்தின் தேர்வாளர் எண்ணிக்கை என்பது அதன் பிரதிநிதிகள் சபை இடங்களோடு இரண்டு செனட் இடங்களைக் கூட்டியது. மக்கள் இடம் மாறினால் சபை இடங்களும் கூடவே மாறும்.

சிகாகோவைப் பாருங்கள். 1818-இல் இல்லினாய் மாநிலமானபோது, அதன் பிரதிநிதி நத்தானியேல் போப் வடக்கு எல்லையை மேலே தள்ளி மிச்சிகன் ஏரிக்கரையைப் பெற்றுத் தந்தார். இல்லாவிட்டால் சிகாகோ இன்று விஸ்கான்சினில் இருந்திருக்கும். 1960-இல் கென்னடி இல்லினாயை 9 ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் வென்றார். சிகாகோ அடங்கிய குக் கவுன்டியில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேல் முந்தினார். எனவே சிகாகோ இல்லையென்றால் இல்லினாய் நிக்சனுக்கு. இதுவரை சரி. ஆனால் சிகாகோ வாக்காளர்கள் காற்றில் கரைந்துவிடுவதில்லை. சுமார் 64 ஆயிரம் வாக்குகளில் நிக்சன் வென்ற விஸ்கான்சினை அவர்கள் கென்னடி பக்கம் திருப்பியிருப்பார்கள். இரு மாநிலங்களுக்கும் சேர்த்து 27-உம் 12-உமாக இருந்த 39 தேர்வாளர்களில் பெரும்பங்கு அவர்களோடு வடக்கே போயிருக்கும். கென்னடிக்குப் பெரிய இழப்பு இல்லை.

அடுத்தது, வெற்றிக்குத் தேவையான தேர்வாளர்கள் 270 என்ற எண்ணை மாறாததாக நினைப்பது. 1889-இல் டகோட்டா பிரதேசம் இரண்டு மாநிலங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரே மாநிலமாக இருந்திருந்தால் இரண்டு செனட் இடங்கள் குறைந்திருக்கும். 2000-இல் அந்த இரண்டையும் வென்ற புஷ்ஷின் 271 தேர்வாளர்கள் என்பது 269 ஆகியிருக்கும். "270 இல்லை, ஆகவே தோல்வி" என்று முடிப்பார்கள். ஆனால் மொத்தமும் 538-இலிருந்து 536 ஆகிறதே! அதில் பெரும்பான்மை 269. கோருக்கு 267 தேர்வாளர்கள்தான். புஷ் நூலிழையில் வென்றிருப்பார்.

சில எல்லைகளுக்கு இல்லாத பெருமையும் தரப்படுகிறது. 1864 தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு நெவாடா மாநிலமாக்கப்பட்டது; அதுதான் லிங்கனை வெல்ல வைத்தது என்பார்கள். ஆனால் லிங்கன் 212-க்கு 21 தேர்வாளர்கள் என்று வென்ற தேர்தல் அது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, கோடு மாறினாலும் மனிதர்கள் அப்படியே இருப்பார்கள் என்று எண்ணுவது. கோடு எவ்வளவு பழையதோ அவ்வளவு குறைவாகவே வாக்கு எண்ணிக்கையை நம்பலாம். அந்தக் கடற்கரை 1869-இல் அலபாமாவுக்குப் போயிருந்தால், அங்கே 2000-இல் அதே குடும்பங்கள் அதே கட்சிக்கு வாக்களித்திருக்கும் என்று யார் சொல்ல முடியும்? போப் ஏரிக்கரையைக் கேட்டதே மிசிசிப்பி ஆற்றோடு அதை இணைக்கும் கால்வாய்க்காக. அது 1848-இல் திறந்தது. விஸ்கான்சின் அதை வெட்டியிருக்குமா? வெட்டாவிட்டால் சிகாகோ அந்த சிகாகோவாக வளர்ந்திருக்குமா?

1860-ஐ எடுத்துக்கொண்டால் இது இன்னும் உறைக்கும். லிங்கனுக்குக் கிடைத்த 180 தேர்வாளர்களில் இல்லினாயின் 11 பேரைக் கழித்தாலும் 169, தேவைப்பட்டது 152. எனவே அவர் எப்படியும் வென்றிருப்பார் என்கிறார்கள். கழித்தல் சரிதான். ஆனால் அவர் இல்லினாயை வென்றது சுமார் 12 ஆயிரம் வாக்குகளில், அதுவும் வடக்குக் கவுன்டிகளின் பலத்தில். அவை இல்லாத இல்லினாய், அவரை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் ஸ்டீபன் டக்ளஸின் கோட்டையாக இருந்திருக்கும். சொந்த மாநிலத்தையே வெல்ல வாய்ப்பில்லாத ஒரு ஸ்பிரிங்ஃபீல்டு வழக்கறிஞரைக் குடியரசுக் கட்சி வேட்பாளராக்கியிருக்குமா? அவரைத் தேர்ந்தெடுத்த மாநாடு அந்த ஆண்டு மே மாதம் நடந்ததே சிகாகோவில்தான்.